டிப்ளமோக்காரன் விஞ்ஞானக் கதை எழுதலாமா?

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கப்பா என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியவுடன் நாம் எல்லோரும் கவிதைக்குத்தான் பேனாவை எடுக்கிறோம். நிலா, மழை, பஸ் ஸ்டாப், அவள்... இந்த மலரிலும் அதற்குப் பஞ்சம் இருக்காது. நான் கொஞ்சம் வேறு ரூட்டில் போகிறேன். விஞ்ஞானக் கதை எழுதுவது பற்றி, அதுவும் நோட்டில் எழுதி நண்பர்களிடம் மட்டும் காட்டுவதற்கு இல்லை, ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டு அச்சில் போடுகிற மாதிரி எழுதுவது பற்றி, ஒரு வருடமாகப் படித்ததையும் யோசித்ததையும் சொல்லப் போகிறேன்.

"அதுக்கெல்லாம் ஐ.ஐ.டி.யில படிச்சிருக்கணும்டா, நமக்கு எதுக்கு?" என்று ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆர்தர் கிளார்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தவர். 1945 அக்டோபரில் ஒரு வயர்லெஸ் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்: பூமத்திய ரேகைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால், அது பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றும், கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று. இன்று நம் வீட்டு மொட்டை மாடி டிஷ் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்பதற்குக் காரணம் அந்தக் கணக்குதான். அதை எழுதியபோது அவர் கையில் பட்டம் இல்லை. லண்டன் கிங்ஸ் காலேஜில் டிகிரி வாங்கியது 1948-ல்! 1956-லிருந்து இலங்கையில் குடியேறி, 2008-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்து எழுதினார். ஆக, டிகிரி இல்லாதது ஒரு தடை இல்லை. மெஷினைத் தொட்டுப் பழகியிருப்பதுதான் மூலதனம். அந்த விஷயத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கும் நடுவில் வளர்ந்த நாம் பணக்காரர்கள்தான்.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1896-ல் கல்கத்தாவில் குந்தலீன் என்ற தலைமுடி எண்ணெய்க்காரர்கள் கதைப் போட்டி வைத்தார்கள். கண்டிஷன் என்ன தெரியுமா? கதையில் எண்ணெய் வர வேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரி தெரியக் கூடாது. (இன்றைக்கு சினிமாவில் ஹீரோ கையில் கூல்டிரிங்ஸ் பாட்டில் வருவதற்குத் தாத்தா இதுதான்!) முதல் பரிசு வாங்கியது ஜகதீச சந்திர போஸ். ஆமாம், ரேடியோ அலைகளை ஆராய்ந்த அதே விஞ்ஞானிதான். கல்கத்தாவை நோக்கி ஒரு புயல் வருகிறது. வானிலை ஆபீஸ் எச்சரிக்கிறது, ஆனால் புயல் வரவில்லை, எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் கப்பலில் போன ஒருவர் கொந்தளிக்கும் கடலில் ஒரு பாட்டில் தலைமுடி எண்ணெயைக் கொட்டியிருக்கிறார்! சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் எண்ணெய்ப் படலம் சிறு அலைகளை அடக்கும் என்பது உண்மை. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஸ்பூனால் எண்ணெய் விட்டுச் செய்து பார்த்த சோதனை அது. போஸ் குளத்தைக் கடலாக்கினார், அலையைப் புயலாக்கினார். அவ்வளவுதான் வேலை. உண்மையான ஒரு விதியை எடுத்து, அளவை மட்டும் பெரிதாக்குவது.

இன்னொருவர் ஜெயந்த் நார்லிகர். வானியல் விஞ்ஞானி, 2025-ல்தான் காலமானார். 1974-ல் மராத்தி விஞ்ஞானக் கதைப் போட்டி ஒன்றுக்குக் கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார். அப்போதே அவர் நாடறிந்த புள்ளி. பெயரைப் பார்த்தே பரிசு கொடுத்துவிடுவார்களோ என்று தன் இனிஷியல்களைத் திருப்பிப் போட்டு நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். முதல் பரிசு ஜக்தாப்புக்கு! எனக்கு இதில் பிடித்தது இதுதான்: பேரும் புகழும் இல்லாத ஒரு கையெழுத்துப் பிரதி, தன் பலத்தில் மட்டும் ஜெயிக்கிறதா என்று அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். நாம் அனுப்பும் எல்லாப் பிரதியும் அப்படிப்பட்டதுதான், நமக்குப் புனைபெயரே தேவையில்லை.

தமிழுக்கு வந்தால் சுஜாதாவை விட்டுவிட்டு ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடர்கதை வந்தபோது அந்தக் கால அண்ணன்கள் வாரா வாரம் புத்தகக் கடையில் காத்திருந்திருக்கிறார்கள். கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில், அதாவது நாம் தாண்டி வந்துவிட்ட வருடங்களில். அதில் ஜீனோ என்று ஒரு ரோபோ நாய்க்குட்டி. புத்தகம் படித்துப் படித்து மனிதர்களைவிட அறிவாளியாகிவிடும். ஆனால் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஜீனோவை அல்ல, பெயர்களை. நிலா, சிபி, ரவி, ஜீவா... எல்லாம் இரண்டு எழுத்து. அந்த அரசாங்கத்தில் பெயர் அவ்வளவுதான் இருக்கலாம். "இது ஒரு கொடுங்கோல் அரசு" என்று இரண்டு பக்கம் விளக்க வேண்டிய விஷயத்தை இரண்டு எழுத்தில் முடித்துவிட்டார். நம்மாட்கள் விஞ்ஞானக் கதை எழுத உட்கார்ந்தால் முதல் மூன்று பக்கம் "கி.பி. 2150. உலகம் மாறியிருந்தது" என்று ஜாக்ரஃபி பாடம் நடத்துகிறார்கள். வேண்டாம். ஆத்திரமாக வருகிறது படிக்க.

சுஜாதாவிடமிருந்தே இன்னொரு பாடம், ஆனால் அவர் கதையிலிருந்து இல்லை, அவர் பார்த்த வேலையிலிருந்து. எலக்ட்ரானிக் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் முதன்முதலில் 1982-ல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் வைக்கப்பட்டது. தோற்றவர் கேஸ் போட்டார். 1984-ல் சுப்ரீம் கோர்ட் அந்த 50 சாவடித் தேர்தலையும் ரத்து செய்து மறுபடி நடத்தச் சொன்னது. மெஷின் ரிப்பேரா? இல்லை. சட்டத்தில் மெஷினுக்கு இடம் இல்லை, ஓட்டுச்சீட்டுக்குத்தான் இடம் இருந்தது. சட்டத்தைத் திருத்தி 1989-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்த பிறகுதான் மெஷினுக்கு வழி பிறந்தது. இப்போது சொல்லுங்கள், கதை எங்கே இருக்கிறது? சர்க்யூட்டிலா, கோர்ட்டிலா? ஒரு புதுச் சாமான் பழைய உலகத்தில் எங்கே போய் முட்டுகிறதோ அந்த இடத்தில்தான் கதை பிறக்கிறது. வெறும் சாமானை மட்டும் வர்ணித்தால் அது கேட்லாக்.

சரி, எழுதுவது எப்படி? எச்.ஜி. வெல்ஸ் தன் கதைகளைப் பற்றிச் சொன்னதன் சாரம்: ஒரு கதைக்கு ஒரே ஒரு அதிசயம், மற்றதெல்லாம் நம்ம தெரு மாதிரி சாதாரணமாக இருக்கணும். நான் இதை 'ஒரு பொய் கோட்டா' என்று வைத்துக்கொண்டேன். ஒரு பொய் சொல்லலாம். அதற்குப் பிறகு எல்லாம் உண்மை. காலயந்திரமும் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத மனுஷனும் இருக்கு, வேற்றுக்கிரக வில்லனும் இருக்கு என்றால் எதுவும் நடக்கலாம் என்றாகிவிடும். எதுவும் நடக்கலாம் என்றால் யாருக்குப் பயம் வரும்?

வெறும் தியரியாகப் போகிறது, ஒரு பிராக்டிகல் செய்து பார்ப்போம். என் அப்பா எஸ்டேட்டில் டர்னர். அதனால் பட்டறையையே எடுத்துக்கொள்கிறேன்.

மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும், பேரிங் கெட்டுப்போவதற்கு முன்பே சொல்லிவிடும். 6205 பேரிங்கில் 9 குண்டு. மோட்டார் 1440 ஆர்.பி.எம்., அதாவது விநாடிக்கு 24 சுற்று. குண்டுகளைத் தாங்கும் கேஜ் ஷாஃப்ட்டைவிட மெதுவாக, ஏறக்குறைய 0.4 பங்கு வேகத்தில்தான் சுற்றும். வெளி வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால் ஒவ்வொரு குண்டும் அதில் தடுக்கிவிட்டுப் போகும். 9 x 0.4 x 24. விநாடிக்குச் சுமார் 86 தட்டு. நம் காதுக்குக் கேட்கும் முன்னாலேயே அதிர்வு சென்சார் அந்த 86-ஐப் பிடித்துவிடும். பழைய ஃபோர்மேன்கள் ஸ்க்ரூடிரைவரை மெஷின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்களே, அதே வித்தைதான். இன்று கம்ப்யூட்டர் "இந்த பேரிங்குக்கு இன்னும் 40 நாள்" என்று சொல்கிறது. இதெல்லாம் உண்மை. பொய் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

இப்போது என் ஒரே பொய். 2040. எஸ்டேட்டில் ஒரு பட்டறை. எல்லா ஆபரேட்டர் கையிலும் ஒரு பாதுகாப்புப் பட்டை. கை சக்குக்குப் பக்கத்தில் போனால் மெஷின் தானாக நின்றுவிடும், நல்ல ஏற்பாடு. ஆனால் பேரிங்கைப் படிக்கும் அதே சாஃப்ட்வேர்தான் பட்டையையும் படிக்கிறது. ஒரு நாள் ரிப்போர்ட்டில் 'பேரிங் 14' என்பதற்குக் கீழே 'ஆபரேட்டர் 7' என்று ஒரு வரி வருகிறது. பக்கத்தில் நாள் கணக்கு.

ஐடியா மட்டும்தான் இது, கதை ஆகவில்லை. கதை ஆக வேண்டுமென்றால் அந்த ரிப்போர்ட்டை யாராவது ஒருவன் படிக்க வேண்டும், அவனுக்கு அதனால் ஏதாவது ஆக வேண்டும். மெயின்டெனன்ஸில் சேர்ந்திருக்கும் டிப்ளமோ டிரெயினி. ஷிப்டு முடிவதற்குள் ரிப்போர்ட்டை மேலே அனுப்ப வேண்டியது அவன் வேலை. ஆபரேட்டர் 7 அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர்.

இங்கேதான் விஞ்ஞானம் கை கொடுக்கிறது. பார்க்கின்சன் நோயில் கை விநாடிக்கு 4 முதல் 6 தடவை நடுங்கும். பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், வேலை செய்யும்போது நடுக்கம் குறைந்துவிடும். முதலில் ஒரு பக்கத்துக் கையில்தான் தொடங்கும். இதைப் படித்ததும் எனக்குக் கதை திறந்துகொண்டது! பெரியவர் லேத்தில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. ஜாப் 0.01 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. டீ பிரேக்கில், கை தொடை மேல் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பட்டை அவரைக் காட்டிக் கொடுக்கிறது. வேலையில் குற்றம் இல்லை, ஓய்வில் குற்றம்! இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, மருத்துவப் புத்தகம் கொடுத்தது. லைப்ரரிக்குப் போகச் சொல்வது இதற்குத்தான். விஞ்ஞானத்தை வெளியே எடுத்தால் கதை பொத்தென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அது சாதாரணக் கதை, மேலே சும்மா ரோபோ பெயிண்ட் அடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

முடிவு என்ன? கேன்டீனில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் "பையன் ஃபைலை டெலிட் பண்ணிடணும் மச்சான், மாஸா இருக்கும்" என்றான். இன்னொருத்தன் "அனுப்பிடுவான், அவனுக்கும் வேலை போயிடும்ல" என்றான். டெலிட் பண்ணுவது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த டீ பிரேக்கில் சாஃப்ட்வேர் மறுபடி எழுதுமே! கதைக்கு நாமே ஒரு விதி வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் பாசத்துக்காக அதை மீறுவது போங்காட்டம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான வழக்கு உண்டு. டாம் காட்வின் எழுதி 1954-ல் வந்த ஒரு கதை. நோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோகும் சின்ன விண்கலம், அளந்து ஊற்றிய எரிபொருள். உள்ளே ஒரு பெண் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறியிருக்கிறாள். அவள் எடையோடு தரையிறங்க முடியாது. காட்வின் ஏதாவது தந்திரம் செய்து அவளைக் காப்பாற்றிக் காப்பாற்றி அனுப்பினார், ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் திருப்பித் திருப்பி அனுப்பினார் என்பார்கள். கடைசியில் அவள் சாகும் வடிவம்தான் அச்சேறியது. படித்தவர்கள் ஆடிப்போனார்கள்.

ஆனால் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மெஷின் டிசைன் பேப்பரில் முதல் பாடமே ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. பத்து டன் தூக்கும் கிரேனைப் பத்து டன்னுக்கு மட்டும் டிசைன் பண்ணினால் வைவாவில் சார் வெளியே அனுப்பிவிடுவார். ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் விழுந்துவிடும் விண்கலத்தை, அதுவும் கதவுக்குப் பூட்டுகூடப் போடாமல், எவன் அப்ரூவ் பண்ணினான்? அந்தப் பெண்ணைக் கொன்றது இயற்பியல் இல்லை, டிராயிங் ஆபீஸ்! இதே ஆட்சேபத்தைப் பல விமர்சகர்கள் எழுப்பியிருக்கிறார்கள். இந்த மாதிரி கேள்வி கேட்கத்தான் நம் படிப்பு. 'விதி அப்படி' என்று கதை சொல்லும்போது, 'அந்த விதியைப் போட்டது யாரு சார்?' என்று கேட்கும் பையன் எழுதும் கதை வேறு மாதிரி இருக்கும். என் கதையிலும் ஆபரேட்டருக்கு நாள் குறிக்கச் சொல்லி சாஃப்ட்வேருக்கு யாரோ ஒருவர் ஆர்டர் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் ரிப்போர்ட்டில் இருக்காது.

நான் வைத்த முடிவு இது. பையன் ரிப்போர்ட்டைப் பெரியவரிடமே காட்டுகிறான். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டீ பிரேக்கில் அவர் கையில் ஒரு பிளக் கேஜ். பேசிக்கொண்டே அதை உருட்டிக்கொண்டே இருக்கிறார், கை சும்மா இருக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் 7 'நார்மல்' என்று வருகிறது. பையன் சந்தோஷமாக அனுப்புகிறான். பெரியவர் டாக்டரிடம் போகவே இல்லை. கதை அங்கே நிற்கிறது. மெஷினை ஏமாற்றிவிட்டார், நோயை ஏமாற்றவில்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "டீ டம்ளரை எந்தக் கையில புடிச்சாரு?" அந்த ஒரு வரியைச் சேர்த்தேன், கதைக்கே உயிர் வந்தது.

பாஷை விஷயம் சுருக்கமாக. ஸ்பிண்டில், சக், டூல் போஸ்ட் என்று பட்டறையில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள், அகராதியில் தேடி யாருக்கும் தெரியாத சொல்லைப் போட வேண்டாம். புரியாதவருக்காக நிறுத்தி விளக்கவும் வேண்டாம். ஆள் அதை வைத்து என்ன செய்கிறான் என்று காட்டினால் தானாகப் புரியும். இரண்டு விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்ததை "உங்களுக்குத்தான் தெரியுமே டாக்டர்" என்று சொல்லிக்கொள்ளும் டயலாக் வந்தால் பேப்பரைக் கிழித்துவிடுங்கள். வசனம் பேச்சுத் தமிழில், நடுவில் வரும் எழுத்து எழுத்துத் தமிழில். அம்பத்தூர் ஓ.டி. ஆள் ஓ.டி. ஆள் மாதிரியே பேசட்டும், 2040 ஆனாலும்.

அனுப்புவது. ராபர்ட் ஹைன்லைன் 1947-ல் எழுத்தாளருக்கு ஐந்து விதி சொன்னார்: எழுது, ஆரம்பித்ததை முடி, ஆசிரியர் கேட்டாலொழியத் திருத்திக்கொண்டே இராதே, அனுப்பு, விற்கும்வரை அனுப்பிக்கொண்டே இரு. மூன்றாவது விதி அவருக்குச் சரிப்பட்டிருக்கும், நமக்கு வேண்டாம். குறைந்தது இரண்டு தடவையாவது திருத்துங்கள். ஆனால் இரண்டாவது விதி தங்கம். நம் ஹாஸ்டலில் பாதிக் கதை எழுதிய நோட்டு எத்தனை கிடக்கிறது! ரெக்கார்டு நோட்டை மட்டும் டெட்லைனுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து முடிக்கிறோமே, அதே வெறி இதற்கும் வரட்டும்.

எங்கே அனுப்புவது என்றால், வார, மாதப் பத்திரிகைகளோடு இணைய இதழ்களும் இருக்கின்றன. 'அரூ' இணைய இதழ் 2019-ல் அறிவியல் சிறுகதைக்கென்றே போட்டி நடத்தியது. இப்படிப் போட்டி வரும்போது வார்த்தை எண்ணிக்கை, கடைசித் தேதி, எந்த எழுத்துருவில் அனுப்பணும் என்று டெண்டர் நோட்டீஸ் படிப்பது போல ஒரு வரி விடாமல் படியுங்கள். 2000 வார்த்தை என்றால் 2000 வார்த்தை. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். கதை திரும்பி வரலாம், பதிலே வராமலும் போகலாம். ஆசிரியர் இரண்டு வரி காரணம் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம், பத்திரப்படுத்துங்கள். இவ்வளவும் படிக்கிற நேரத்தில் அடுத்த கதையை ஆரம்பித்துவிட வேண்டும்.

எனக்கு அடுத்த கரு கிடைத்துவிட்டது. 2024 அக்டோபரில் பூந்தமல்லி டிப்போவுக்கு டிரைவர் இல்லாமல் ஓடக்கூடிய மெட்ரோ ரயில் முதன்முதலாக வந்து இறங்கியது. என் ஒரு பொய் இது: அந்த மாதிரி ஒரு ரயில், ராத்திரி கடைசி ட்ரிப் முடிந்து டிப்போவுக்குள் நுழைந்த பிறகு, கதவைத் திறக்க மறுக்கிறது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்கிறது. கேமராவில் யாரும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் யாராவது, சீட்டில் எடை அறியும் சென்சார் எப்படியெல்லாம் பொய் சொல்லும், எப்போது உண்மை சொல்லும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், பி செக்ஷன், கடைசி பெஞ்ச்.